தண்ணீர் எப்போது ஏறியது?

காற்றைப் பற்றிய பாடத்தில் மெழுகுவர்த்திச் சோதனையைச் செய்து காட்டாத அறிவியல் ஆசிரியர் அரிது. தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றி, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் சுடர் அணையும். தண்ணீர் குவளைக்குள் ஏறும். ஒரு நாள் இந்தச் செய்முறைக்கான பாடக்குறிப்பை எழுத நேரமில்லாமல், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, உற்றுநோக்கல், முடிவு என்று எல்லாத் தலைப்புகளோடும் குறிப்பு தயாராகிவிட்டது. சுடர் குவளைக்குள் இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஏறுகிறது என்றும், ஏறிய ஐந்தில் ஒரு பங்கு உயரமே காற்றில் உள்ள ஆக்சிஜனின் அளவைக் காட்டுகிறது என்றும் முடிவுரையில் இருந்தது. ஒரு முறை படித்தேன். தவறாக எதுவும் தோன்றவில்லை. அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

சோதனை நன்றாகவே நடந்தது. விளக்கத்தை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் தட்டுக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “டீச்சர், மெழுகுவர்த்தி அணைஞ்ச பிறகுதானே தண்ணி வேகமா ஏறுச்சு? ஆக்சிஜன் தீரத் தீர ஏறணும்னா, எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கணுமே?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மறுபடியும் ஏற்றிக் கவிழ்த்தோம். இந்த முறை நானும் குனிந்து பார்த்தேன். சுடர் எரியும்போது குவளையின் விளிம்பிலிருந்து சில குமிழ்கள் வெளியேறின. சுடர் மங்கி அணைந்ததும் தண்ணீர் சட்டென்று மேலே போயிற்று.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோது விளக்கம் பிடிபட்டது. சுடரின் வெப்பத்தால் குவளைக்குள் இருக்கும் காற்று விரிவடைந்து, ஒரு பகுதி குமிழ்களாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிஞ்சிய வாயு குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரியும்போது ஆக்சிஜன் செலவாவது உண்மைதான் என்றாலும், அதன் இடத்தில் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. மேலும், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. மறுநாள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை அதே குவளைக்குள் வைத்துக் காட்டினேன். ஆக்சிஜன்தான் காரணமென்றால் தண்ணீர் முன்போல அதே உயரத்துக்குத்தான் ஏற வேண்டும், ஏனெனில் குவளைக்குள் இருக்கும் காற்றின் அளவு கூடவில்லை. ஆனால் தண்ணீர் முதல் நாளைவிடத் தெளிவாக உயர ஏறியது. முதல் நாள் எழுதிப்போட்ட விளக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் அடித்துவிட்டு, கேள்வி கேட்ட மாணவியையே புதிய விளக்கத்தை எழுதச் சொன்னேன்.

இந்தத் தவற்றைச் செயலி தானாகக் கற்பனை செய்துவிடவில்லை. பல தலைமுறைகளாகப் புத்தகங்களில் அச்சாகி வந்த தவறு அது. இத்தகைய செயலிகள் தாம் படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டுத்தான் விடையைக் கோத்துத் தருகின்றன. ஆகவே உலகம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை, அது பிழையானாலும், மிகச் சரளமாகச் சொல்லிவிடும். தட்டுக்கு அருகில் குனிந்து பார்க்க அதற்குக் கண்ணில்லை. நானே எழுதியிருந்தாலும் இதே பிழையைச் செய்திருக்கக்கூடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நானே எழுதியிருந்தால், உற்றுநோக்கல் என்ற தலைப்பின் கீழ் எதையாவது எழுதுவதற்காகவேனும் முதல் நாளே ஒரு முறை செய்து பார்த்திருப்பேன். அந்த ஒரு முறையைத்தான் செயலி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது, நானும் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிட்டேன்.

தமிழில் பாடம் நடத்துவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிறை’ என்றால் ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. அது கிலோகிராமில் சொல்லப்படுகிறது. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசைக்கு ‘எடை’ என்று பெயர். அது நியூட்டனில் சொல்லப்படுகிறது. இலங்கைப் பாடநூல்களிலோ முன்னது ‘திணிவு’, பின்னதுதான் ‘நிறை’. அதேபோல், தமிழ்நாட்டு நூல்களில் திசை சேராதது ‘வேகம்’, திசையோடு சேர்ந்தது ‘திசைவேகம்’. இலங்கை நூல்களில் திசை சேராதது ‘கதி’, திசையோடு சேர்ந்ததே ‘வேகம்’. இரண்டு மரபுகளும் தம்மளவில் ஒழுங்கானவை. இணையத்தில் கிடைக்கும் தமிழையெல்லாம் ஒன்றாகப் படித்த செயலியிடம் கேட்டால், ஒரே பத்தியில் ‘நிறை’ முதல் வரியில் கிலோகிராமிலும் மூன்றாம் வரியில் நியூட்டனிலும் வந்து நிற்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். நிறையும் எடையும் வேறு என்று புரியவைப்பதே அந்தப் பாடத்தின் முழு நோக்கமாக இருக்கும்போது, இந்த ஒரு குழப்பம் ஒரு வாரப் பாடத்தைக் கெடுத்துவிடும். ஆகவே செயலி தரும் தமிழ்க் குறிப்பில் கலைச்சொற்களை மட்டும் தனியாக ஒரு முறை பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் இப்போது எதையும் அச்செடுப்பதில்லை.

மெழுகுவர்த்தி நிகழ்ச்சிக்குப் பிறகு எனக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இந்தக் கருவி இப்போது யாருடைய உழைப்பைக் குறைக்கிறது, அந்த உழைப்பு குறையலாமா? வருகைப் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, ஒரே வினாத்தாளை மூன்று வரிசைகளில் மாற்றியமைப்பது, பெற்றோர் கூட்டத்துக்கான சுற்றறிக்கையை எழுதுவது போன்ற வேலைகள் குறைந்தால் யாருக்கும் இழப்பில்லை; அந்த நேரம் வகுப்புக்குத் திரும்பும். ஒரு கணக்கின் முன் மாணவர் பத்து நிமிடம் திணறுவது அப்படிப்பட்ட வேலையில் சேராது. கற்றல் நடப்பதே அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இது வெறும் ஆசிரியர் அனுபவம் என்று தள்ளிவிட முடியாதபடி ஓர் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1000 மாணவர்களிடம் கணிதப் பயிற்சி வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உரையாடல் செயலி கொடுக்கப்பட்டது. இன்னொரு குழுவுக்கு, நேரடியாக விடை சொல்லாமல் ஆசிரியர்கள் எழுதித்தந்த குறிப்புகளைக் கொண்டு படிப்படியாக வழிகாட்டும்படி அமைக்கப்பட்ட செயலி. மூன்றாம் குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியின்போது முதல் குழுவின் மதிப்பெண் மூன்றாம் குழுவைவிட 48 விழுக்காடு கூடியது; இரண்டாம் குழுவினுடையது 127 விழுக்காடு கூடியது. பிறகு செயலி இல்லாமல் தேர்வு வைத்தபோது, முதல் குழு மூன்றாம் குழுவைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தது. இரண்டாம் குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் மூன்றாம் குழுவைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் இல்லை. பயிற்சியில் கிடைத்த அந்தப் பெரிய உயர்வு தேர்வறைக்கு வரவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நோட்டில் சரியான விடைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து ஓர் ஆசிரியர் எவ்வளவு எளிதாக ஏமாந்துபோகலாம் என்பதை அது காட்டுகிறது. நேரடியாக விடை பெற்ற மாணவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றிருப்பதாக உணரவும் இல்லை.

ஆகவே என் வகுப்பில் செயலியைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன்: சரியான விடையைத் தரச் சொல்லாமல், தவறான விடைகளை உருவாக்கச் சொல்கிறேன். தசம எண்கள் பாடத்தில், 0.45 பெரியதா 0.6 பெரியதா என்று கேட்டால் வகுப்பில் பலர் 0.45 என்பார்கள்; 45, 6-ஐவிடப் பெரியது என்பது அவர்கள் கணக்கு. பின்னங்களில் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதுவார்கள். இந்த இரண்டு பிழைகளையும் என் மாணவர்களின் நோட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுத்து, இதே மாதிரியான சிந்தனையால் பிறக்கக்கூடிய பத்துத் தவறான தீர்வுகளை முழு வழிமுறையோடு எழுதித் தரும்படி கேட்கிறேன். வருகிறவற்றில் குறைந்தது நான்கைந்து ஒன்றுக்கும் உதவாதவையாக இருக்கும். மிஞ்சியவற்றை அச்செடுத்து இருவர் இருவராகக் கொடுத்து, எந்த வரியில் வழி தவறியது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அன்று வகுப்பில் எழும் விவாதச் சத்தத்தைக் கேட்டால், உழைப்பு உரியவர்களிடம்தான் இருக்கிறது என்று மனம் நிறைந்துவிடும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டதாக நான் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு மாணவனுக்கு நான் இழைத்த தவறு ஒன்று இருக்கிறது; அதை எழுதாமல் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. ஆங்கிலத்திலும் எழுதிப் பழகட்டும் என்று, நீர் சுழற்சி பற்றிய திட்டக் கட்டுரையை ஒரு முறை ஆங்கிலத்தில் எழுதிவரச் சொல்லியிருந்தேன். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன் கொண்டுவந்த கட்டுரையில் ஒரு பிழைகூட இல்லை. வாக்கியங்கள் குட்டையாக, ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. இயந்திரம் எழுதியதா என்று கண்டறிவதாகச் சொல்லும் இணையக் கருவி ஒன்றில் அதைப் போட்டேன். பெரும்பகுதியைச் சிவப்பில் காட்டியது. மறுநாள் வகுப்பிலேயே, மற்றவர்கள் கேட்கும்படி, “இதை நீயே எழுதினாயா?” என்று கேட்டேன். அவன் “ஆமா டீச்சர்” என்றான். நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் தன் ரஃப் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் எழுதி, அதன்கீழ் ஆங்கிலத்தில் எழுதி, அகராதியில் பார்த்த சொற்களுக்கு அடிக்கோடிட்டு, மூன்று பக்கம் அடித்தும் திருத்தியும் இருந்தான். ‘ஆவியாதல்’ என்ற சொல்லுக்கான ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓரத்தில் நான்கு முறை எழுதிப் பார்க்கப்பட்டிருந்தது. தெரிந்த சில சொற்களை வைத்துக்கொண்டு பயந்து பயந்து பிழையின்றி எழுதியதால்தான் அந்த வாக்கியங்கள் அப்படி இருந்தன. எல்லோர் முன்னிலையிலும் சந்தேகப்பட்டதால், எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையசைத்தான். பழையபடி என்னிடம் பேச அவனுக்குப் பல வாரங்கள் ஆயின.

இதற்குப் பிறகுதான் அத்தகைய கண்டறியும் கருவிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். சாட்ஜிபிடியை 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியைக் கொண்டுவந்தது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாகக் கண்டறிகிறது என்றும், மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொல்கிறது என்றும் அந்த நிறுவனமே அறிவித்தது; துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறனறி தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாக இருந்தால் அதை இயந்திரத்தின் எழுத்து என்று இக்கருவிகள் கருதுகின்றன. புதிதாக ஒரு மொழியைக் கற்கும் பிள்ளை, தனக்குத் தெரிந்த எளிய சொற்களைப் பாடநூல் வரிசையில் அடுக்குவதால், அதன் எழுத்து எளிதில் ஊகிக்கத்தக்கதாகவே இருக்கும். அதாவது, நம் வகுப்புகளில் கடுமையாக உழைத்து எழுதும் பிள்ளைகள்தான் இக்கருவிகளிடம் முதலில் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது எந்தக் கண்டறியும் கருவியையும் நான் தொடுவதில்லை. கட்டுரையின் முதல் வரைவை வகுப்பிலேயே எழுதச் சொல்கிறேன். வீட்டில் திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். தானே யோசித்து எழுதிய பிள்ளை அந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறது.

மதிப்பெண் போடும் வேலையைச் செயலியிடம் கொடுப்பதைப் பற்றி ஆசிரியர் அறையில் அடிக்கடி பேச்சு எழுகிறது. கட்டுக்கட்டாக விடைத்தாள்கள் குவிந்திருக்கும்போது அந்த ஆசை வருவது இயல்பு, எனக்கும் வந்தது. பெயர் இல்லாத ஒரு நெடுவினா விடையைத் தட்டச்சு செய்து, மதிப்பெண் வழிகாட்டியோடு சேர்த்துக் கொடுத்தேன். பத்துக்கு ஆறு என்றது. புதிய உரையாடலைத் திறந்து அதே விடையை, அதே வழிகாட்டியோடு மறுபடி கொடுத்தேன். எட்டு என்றது. இரண்டு முறையும் காரணங்களை அழகாக விளக்கியிருந்தது. ஆறு வாங்கிய பிள்ளை வந்து ‘ஏன்’ என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதுமட்டுமன்று, முப்பது விடைத்தாள்களை வரிசையாகத் திருத்தும்போதுதான், பதினேழு பேர் ஒளிவிலகலையும் எதிரொளிப்பையும் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவருகிறது. நாளைய பாடம் அங்கேதான் பிறக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாணவர்களின் கற்றலை மதிப்பிடும் அமைப்புகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, கல்வி நிலையங்களில் முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சிகளை ஊகிக்கும் அமைப்புகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடையே விதித்துவிட்டது. சட்டம் எந்த நாட்டுக்கு உரியதாக இருந்தாலும், அந்த எச்சரிக்கை எந்த வகுப்பறைக்கும் பொருந்தும்.

மாணவர்களைப் பற்றிய விவரங்களில் நான் வைத்திருக்கும் விதி எளிமையானது. பெயர், மதிப்பெண், வீட்டுச் சூழல், உடல்நலம், படிப்பில் உள்ள சிரமம் ஆகிய எதையும் எந்தச் செயலியிலும் தட்டச்சு செய்வதில்லை. பிள்ளையின் கையெழுத்தையோ முகத்தையோ படமெடுத்து ஏற்றுவதும் இல்லை. முன்னேற்ற அறிக்கைக்கான குறிப்புரை எழுதச் செயலி உதவும்தான். ஆனால் ஒரு பிள்ளை என்னை நம்பிச் சொன்னது என்னோடு இருக்க வேண்டும். வயதைப் பொறுத்தவரை, யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இத்தகைய கருவிகளை மாணவர்கள் தாங்களே பயன்படுத்தக் குறைந்தது 13 வயது வேண்டும் என்கிறது. அதற்குக் கீழுள்ள வகுப்புகளில் திரை என் பக்கம்தான் இருக்கும். நான் கேட்பதையும் அது சொல்வதையும் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், சேர்ந்து சந்தேகப்படுவோம்.

நான் செயலியின் உதவியோடு தயாரித்த பயிற்சித்தாள் எதுவானாலும், அதன் அடியில் அதை எழுதிவிடுகிறேன். மாணவர்களிடம் வெளிப்படைத்தன்மையைக் கேட்டுவிட்டு நான் மறைப்பது சரியாகாது. பெரிய வகுப்பு மாணவர்கள் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள்: என்ன கேட்டேன், என்ன சொன்னது, நான் என்ன செய்தேன். முதல் சில வாரங்களில் மூன்றாம் கட்டத்தில் ‘எழுதிக்கொண்டேன்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சொல்லின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவந்தேன்.

சென்ற வாரம் நோட்டுகளைத் திருத்தும்போது, ரஃப் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போன அந்தப் பையனின் நோட்டும் வந்தது. எதிரொலி கேட்கச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். ஏறக்குறைய 17 மீட்டர் என்று செயலி சொன்னதாக இரண்டாம் கட்டத்தில் குறித்திருந்தான். மூன்றாம் கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் இறங்கியிருந்தது: “மைதானச் சுவரிலிருந்து காலடி வைத்து அளந்தேன். 10 மீட்டரில் கை தட்டினேன், கேட்கவில்லை. 25 மீட்டரில் தட்டினேன், கேட்டது. நடுவில் எங்கே தொடங்குகிறது என்று நாளை பார்க்க வேண்டும்.”